பட்சிராஜனின் பூர்விகம்: ‘2.0’ படத்தின் திருவண்ணாமலை மூலம் குறித்து ஓர் ஆய்வு

ஷங்கரின் ‘2.0’ சென்னையில் நடக்கும் கதை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. செல்போன்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்து போவது சென்னையில். விஞ்ஞானி வசீகரன் இருப்பது சென்னையில். இவ்வளவு சாட்சியம் இருந்தும் அந்த நம்பிக்கை பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படத்தின் வேர் திருவண்ணாமலையில் இருக்கிறது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில். இதை இதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. ஆகவே இது புதிய கருத்து. ஒருவரும் மறுத்ததும் இல்லை. ஆகவே நிலைபெற்ற கருத்தும்கூட.

முதலில் நூல்வகை. நம் இலக்கணிகள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தார்கள். 2010 அக்டோபர் 1 அன்று வெளியான ‘எந்திரன்’ முதல்நூல். 2018 நவம்பர் 29 அன்று வந்த ‘2.0’ வழிநூல். முன்னவன் சொன்னதை ஒப்புக்கொண்டு கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழிநூலின் வேலை. இதை ஹாலிவுட்காரர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்து, வில்லன்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2007-இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 3’ படத்தில் மூன்று வில்லன்கள். யார் எதற்காக அடிக்கிறார்கள் என்று ஸ்பைடர்மேனுக்கே குழப்பம். ஷங்கர் அந்தத் தவறைச் செய்யவில்லை. அவர் கதாநாயகனைப் பெருக்கினார். வசீகரன் ரஜினி, அவர் செய்த ரோபோ சிட்டி ரஜினி, சிவப்புச் சில்லு ஏறிய 2.0 ரஜினி, கட்டைவிரல் உயரத்துக் குட்டி 3.0 ஒவ்வொன்றும் ரஜினி. எதிரில் பட்சிராஜனாக அக்ஷய் குமார் ஒருவர்தான்.

வசனத்தையும் பார்த்துவிட வேண்டும். முதல்நூலில் சுஜாதாவின் கை இருந்தது. படம் வருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அவர் போய்விட்டார். வழிநூலில் ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். வித்தியாசம் உடனே தெரிகிறது. முதல் படத்தில் கொசுவோடு பேசினாலும் சிரிப்பு வரும். இரண்டாவதில் குருவியைப் பற்றிப் பேசினாலே துக்கம் விசாரிக்கப் போன மாதிரி இருக்கும்.

இனி கால ஆராய்ச்சி. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலை வந்து சேர்ந்தது 1896 செப்டம்பர் 1. பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் அவர்தான். அதே 1896-இல், நவம்பர் 12 அன்று, பம்பாயில் பறவையியலாளர் சலீம் அலி பிறந்தார். ‘2.0’ படத்தின் பட்சிராஜன், நரைத்த தாடியும் கண்ணாடியும் பறவைக் கவலையுமாக, சலீம் அலியை மனதில் வைத்து வார்த்த பாத்திரம். ரமணர் மகாசமாதி அடைந்தது 1950 ஏப்ரல் 14. அதே 1950-இல், டிசம்பர் 12 அன்று, ரஜினிகாந்த் பிறந்தார். ஒருவர் வந்த ஆண்டில் வில்லனுக்கு மூலமானவர் பிறக்கிறார்; அவர் போன ஆண்டில் கதாநாயகன் பிறக்கிறார். வில்லனும் பன்னிரண்டாம் தேதி, நாயகனும் பன்னிரண்டாம் தேதி. இதற்கு மேல் கூட்டிக் கழித்தால் சோதிடமாகிவிடும்; எங்கே நிறுத்துவது என்று ஆய்வாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் இன்னும் ஒன்று. ‘2.0’ முதலில் 2017 தீபாவளிக்கு வருவதாக இருந்தது. பிறகு 2018 ஜனவரி என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது. கிராபிக்ஸ் வேலை முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். 2018-இல் கார்த்திகை தீபம் நவம்பர் 23. மலை உச்சியில் ஏற்றிய தீபம் பதினொரு நாள் எரியும். ஆக, படம் வெளியான நவம்பர் 29 அன்று மகாதீபம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்காது என்பதால் அவர்கள்மேல் குற்றமில்லை.

ரஜினிக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர், இரவில் கிரிவலம் வராதவராக இருக்க வேண்டும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் முன்பெல்லாம் பௌர்ணமி நிலவுதான் விளக்கு. தொண்ணூறுகளில் அங்கே சோடியம் விளக்குப் போடப் பணம் கொடுத்தவர் ரஜினி என்பது ஊரறிந்த செய்தி. 1997-இல் அவர் நடித்த படத்துக்கு ‘அருணாசலம்’ என்றே பெயர். அதில் முப்பது நாளில் முப்பது கோடியைச் செலவழித்துத் தீர்த்தால்தான் மூவாயிரம் கோடி கைக்கு வரும்.

இங்கே ஒரு கணக்கு. அருணாசலம் நாளொன்றுக்கு ஒரு கோடி செலவழித்தார். ‘2.0’ படத்துக்கு ஐந்நூறு கோடிக்கு மேல் ஆனதாகச் சொல்லப்பட்டது. படப்பிடிப்பு தொடங்கியது 2015 டிசம்பர். வெளியீடு 2018 நவம்பர். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு அரைக் கோடி அளவில்தான் வருகிறது. அருணாசலத்தில் பாதி வேகம். இந்தியாவிலேயே அதிகச் செலவில் எடுத்த படம் என்று விளம்பரம் செய்தார்கள். நம் ஊர்க் கணக்குப்படி அது சிக்கனப் படம்.

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். ரமணாசிரமத்தில் ஆட்டோ ஏறினால் பத்து நிமிடத்தில் அண்ணாமலையார் கோயில். உள்ளே வல்லாள மகாராஜா கோபுரத்தையும் கிளி கோபுரத்தையும் தாண்டித்தான் சந்நிதிக்குப் போக வேண்டும். வாழ்க்கை வெறுத்துப்போன அருணகிரிநாதர் வல்லாள கோபுரத்தின் மேலேறிக் குதித்தார் என்பதும், முருகன் தாங்கிப் பிடித்தார் என்பதும் இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. பின்னால் அரசனுக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர, தன் உடலை விட்டு ஒரு கிளியின் உடலுக்குள் புகுந்து பறந்தார். போன நேரத்தில் அவர்மேல் பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் அந்த வெற்றுடலை எரிக்க ஏற்பாடு செய்துவிட்டான். திரும்பி வந்தவருக்கு உடல் இல்லை. கிளியாகவே இருந்துவிட்டார். கிளி கோபுரத்தில் சுதைக் கிளியாக அவர் இன்றைக்கும் உட்கார்ந்திருப்பதை அண்ணாந்து பார்த்தால் காணலாம்.

‘2.0’ கதையைப் பாருங்கள். பறவைகளுக்காக எல்லா வாசலையும் தட்டித் தோற்ற ஒரு கிழவர் செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரை விடுகிறார். தாங்கிப் பிடிக்க ஆள் வரவில்லை. உடலை விட்ட உயிர், செத்த பறவைகளின் உயிர்களோடு கலந்து ஒரு ராட்சதப் பறவையாகிறது. இடைவேளைக்குப் பிறகு வசீகரனின் உடலுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. கோபுரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, கூடு விட்டுக் கூடு பாய்தல் இருக்கிறது. சம்பந்தாண்டான் வேலையைச் செய்யத் முதல் படத்து விஞ்ஞானி போராவின் மகனும் இருக்கிறான். படத்தில் இதற்கு ஆரா, போட்டான் என்று என்னென்னவோ விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் முடிவதற்குள் பாப்கார்ன் தீர்ந்துவிடுகிறது. “அருணகிரி கிளியான மாதிரி” என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் தமிழ்நாடு முழுக்கப் புரிந்திருக்கும்.

கோட்பாட்டை நிறுவியபின் களப்பணி. ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை களப்பணிக்கென்றே அமைந்த இடம். வெள்ளைப் பருத்தி ஜிப்பாவில் வெளிநாட்டார், காவியில் உள்நாட்டார், வாடகை ஸ்கூட்டர், பழைய புத்தகம், ருத்ராட்சம், ராகி தோசை. சாலையில் போகிற யாரையும், வயது ஜாதி தேசம் பார்க்காமல், “சாமி” என்று கூப்பிடும் நாகரிகம் இங்கே உண்டு. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரிடம் ‘2.0’ பற்றிக் கருத்துக் கேட்டேன்.

“டூ பாயிண்ட் ஓவா? பாதி பொம்மப் படம் சாமி. கண்ணாடி போட்டுக்கினு பாத்தா மூஞ்சி மேலயே வந்து வுழுது. புள்ளைங்களுக்கு ஜாலி. ஆனா அந்தப் பெருசு செத்துப்போனதுதான் மனசு கேக்கல.”

இந்த ஒரு வாக்குமூலத்தில் படத்தைப் பற்றிய எல்லா விமர்சனமும் அடங்கிவிட்டது. ஆனாலும் அதோடு நிறுத்தினால் ஆய்வு ஆகாது.

செல்போன் பறிபோவதைப் பொறுத்தவரை, இப்பகுதி படத்துக்கு வெகுகாலம் முன்பே முன்னேறியிருந்தது. ஸ்கந்தாசிரமம் போகும் கல்பாதையில் ஒரு முற்பகல் நான் கண்டதைப் பதிவு செய்கிறேன். ஒருவர் பாறைமேல் சம்மணமிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் வாழைப்பழப் பை, அதன்மேல் போன். இறங்கி வந்த குரங்கு முதலில் போனை எடுத்தது, முகர்ந்தது, பல்லால் ஓரத்தைச் சோதித்தது, திருப்பித் திரையில் தன் முகத்தைப் பார்த்தது. பிறகு போனைப் பாறையில் வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. கண்ணைத் திறந்தவர் பழம் போனதற்கு வருத்தப்படாமல் போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். பட்சிராஜன் அங்கே இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

குரங்கு என்றதும் இன்னொரு சான்று. ‘எந்திரன்’ படத்தில் வசீகரனின் காதலி சனாவைக் கடித்த கொசுவோடு சிட்டி அதன் பாஷையிலேயே பஞ்சாயத்துப் பேசி மன்னிப்புக் கேட்க வைப்பான். அதை விஞ்ஞானக் கற்பனை என்றார்கள். ரமணர் மலைமேல் விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் இருந்த காலத்தில் குரங்குகள் தங்கள் சண்டையை அவரிடம் கொண்டுவந்ததும், கடிபட்டு நொண்டியான ஒரு குட்டியை அவர் தேற்றிக் கூட்டத்தோடு சேர்த்துவைத்ததும் ஆசிரம வரலாற்றில் உள்ளவை. எந்தச் சில்லும் இல்லாமல் நடந்த பஞ்சாயத்து அது.

இந்த இடத்தில் பிறர் மதம் கேட்பது மரபு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, படம் பார்த்தேன். நன்னூல் சொல்கிற பத்துக் குற்றத்தில் எத்தனை இருக்கிறது என்று விரல் விட்டேன்.”

“எத்தனை ஐயா?”

“கை போதவில்லை. உட்காருங்கள்.”

அவர் அடுக்கியதைச் சுருக்கித் தருகிறேன். கூறியது கூறல்: செல்போன் முதலில் கடைக்காரரைக் கொல்கிறது, அடுத்துக் கோபுர முதலாளியை, அடுத்து அமைச்சரை. மூன்றும் ஒரே கொலை, ஆள்தான் வேறு. மற்றொன்று விரித்தல்: நிலா என்கிற ரோபோப் பெண் நகைச்சுவை என்று நினைத்துச் சொல்வதெல்லாம். குன்றக் கூறல்: முதல் படத்தில் அத்தனை பாட்டுக்கு ஆடிய சனா, இதில் போனில் வரும் குரலாக மட்டும் இருக்கிறாள், அதுவும் ஊரில் உள்ள போனெல்லாம் பறந்து போகிற படத்தில். சென்று தேய்ந்து இறுதல்: கதாநாயகன் போகப்போகச் சின்னதாகிக் கடைசியில் புறாமேல் ஏறும் அளவுக்கு வந்துவிடுகிறான்.

“மாறுகொளக் கூறல்தான் மகா குற்றம். படம் முழுக்க செல்போன் கெடுதல் என்கிறான். கெடுதல் என்று சொன்னவனை அழிக்கிறான். அழித்த பிறகு, அவன் சொன்னதும் சரிதான் என்று வசீகரன் இன்னொரு அமைச்சரிடம் அறிவுரை சொல்கிறார். வாதி சொன்னது சரி என்றால் வாதியை ஏன் கொன்றாய்?”

“ஏதாவது அழகு உண்டா ஐயா? நன்னூலில் பத்து அழகும் இருக்கிறதே.”

கொஞ்சம் யோசித்தார். “அந்தப் பறவைப் பாட்டு. நா. முத்துக்குமார் எழுதினதில்லையா? படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான் பாவி. அது வரும்போது கண்ணாடிக்குள்ளேயே கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அப்புறம், நடுரோட்டில் தார் மாதிரி செல்போன் பரப்பி அது அலையடிக்குமே, அது. அதற்கு மட்டும் இன்னொரு முறை பார்க்கலாம்.”

நான் ஆசிரியரோடு உடன்படுகிறேன். ‘2.0’ மாற்றி எடுத்த 3டி அல்ல, 3டி கேமராவிலேயே எடுத்தது. ஒளிப்பதிவு நீரவ் ஷா, இசை ஏ.ஆர். ரஹ்மான், ஒலி ரசூல் பூக்குட்டி. நாற்காலிக்கு அடியில் செல்போன் ஊர்கிற மாதிரி சத்தம் கேட்டுக் காலைத் தூக்கிக்கொண்டவர்கள் உண்டு. நானும் அதில் அடக்கம். கதை ஓட்டையாக இருந்தால் என்ன, ஓட்டை வழியாகவும் வேடிக்கை பார்க்கலாம்.

தத்துவப் பகுதியை விட்டுவிட முடியாது. ரமணாசிரமத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அதைத் தவிர்த்தால் செங்கம் சாலையில் நடமாட முடியாது. 1902-வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. இந்த உடம்பு நான் அல்ல, இந்தப் பொறிகள் நான் அல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகும் விசாரணை அது. ‘எந்திரன்’ முடிவில் சிட்டி தன் கையைக் கழற்றுகிறான், காலைக் கழற்றுகிறான், கழற்றிக்கொண்டே பேசுகிறான். ஸ்குரூ டிரைவரால் செய்த ஆத்ம விசாரம் என்று அதைக் கருத இடமுண்டு. மறுபடி பூட்டியதுதான் வழிநூலில் நேர்ந்த வினை.

ஆனால் ஒரு முரணையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிட்டி அக்கு அக்காகப் பிரிக்கப்பட்டு மியூசியத்துக்குப் போனது எதனால்? சிந்திக்க ஆரம்பித்ததால். இந்தப் பகுதிக்கோ பாரிஸிலிருந்தும் பெர்லினிலிருந்தும் விமானம் ஏறி, மாத வாடகைக்கு அறை பிடித்து, தரையில் உட்கார்ந்து முதுகு வலிக்க வலிக்க மனிதர்கள் முயல்வது சிந்தனையை நிறுத்துவதற்கு. சிட்டிக்கு ஒரு சில்லை உருவினால் போதும். அந்த வசதி நமக்கு இல்லை என்பதால்தான் வாடகை இவ்வளவு ஏறிவிட்டது.

கடைசியாகப் பறவை வழக்கு. படம் வருவதற்குச் சில நாள் முன்பு செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது: கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று காட்டுவது அறிவியலுக்கு விரோதம், சான்றிதழை ரத்து செய்யுங்கள் என்று. அறிவியல் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான். சிட்டுக்குருவி நகரங்களில் குறைந்ததற்கு ஓட்டு வீடும் பரணும் போய்க் கூடு கட்ட இடமில்லாமல் ஆனதையும், குஞ்சுக்கு ஊட்டப் புழுப்பூச்சி அற்றுப்போனதையும்தான் ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைப்படி, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை. பட்சிராஜன் நல்ல மனிதர், தப்பான எதிரியைப் பிடித்துக்கொண்டார். சிமெண்ட் கம்பெனிமேல் பாய்ந்திருக்க வேண்டியவர்.

அதற்காக அவரைத் தோற்கடித்த விதத்தை மன்னிக்க முடியாது. உச்சக்கட்டத்தில் 2.0-வால் பறவை மனிதரை அடித்து வெல்ல முடியவில்லை. அப்போது குட்டி 3.0-க்கள் புறாக்கள்மேல் ஏறி வந்து, அடங்காவிட்டால் இந்தப் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைமேல் உயிரையே வைத்திருந்த ஒரு கிழவரைப் பறவையைப் பணயமாக வைத்து வீழ்த்துகிறான் சூப்பர் ஹீரோ. தியேட்டரில் இதற்குக் கைதட்டினார்கள். எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் இது செல்லாது. இந்த ஊரில் நிச்சயமாகச் செல்லாது. ரமணாசிரமத்துக்குள் பசு லட்சுமிக்கு 1948-இல் எழுப்பிய சமாதி இருக்கிறது. அதை அடுத்து ஒரு மானுக்கு, ஒரு நாய்க்கு, ஒரு காக்கைக்கும் சமாதி இருக்கிறது. சாதாரணக் காக்கை. அதற்கும் கடைசி மரியாதை செய்து, கல் வைத்த இடம் இது. இங்கே ஜூரி உட்கார்ந்தால் புறாவைப் பிடித்து மிரட்டிய கட்சிக்குத் தீர்ப்பு எப்படிப் போகும்?

ஆகவே முடிவு இது. முதல்நூல் ‘எந்திரன்’ முதல் வகுப்பில் தேறுகிறது. வழிநூல் ‘2.0’ கதையில் தோற்று, காட்சியில் தேறி, கூட்டுமதிப்பெண்ணில் பாஸ். பட்சிராஜன் மூன்று கொலைகளுக்கும் குற்றவாளி. பறவைகள்மேல் வைத்த அன்பில் நிரபராதி. புறா விஷயத்தில் 3.0-வுக்குக் கடும் கண்டனம். அடுத்த பாகம் எடுப்பவர்கள் கதை விவாதத்துக்கு ரமண நகரில் அறை எடுக்கலாம். தீபத்துக்கு முன்பே வந்துவிடுங்கள், அந்தச் சமயம் அறை கிடைக்காது.